ஓ.பி. சீட்டில் இல்லாத பெயர்

குமரி மாவட்டத்தில், திருவட்டாறு பக்கத்தில் எங்களுக்கு ஒரு சிறிய வாழை விளை இருக்கிறது. அதன் ஓரத்தில், கிணற்றடியை ஒட்டிய சாய்ப்பில், மண்வெட்டிக்கும் கயிற்றுச் சுருளுக்கும் குலைக்கு முட்டுக் கொடுக்கும் கம்புகளுக்கும் நடுவே, அப்பா காலத்திலிருந்து சேர்ந்த பூச்சிமருந்துக் குப்பிகள் ஒரு பலகைப் பெட்டியில் கிடந்தன. ஓணத்துக்கான ஏத்தன் குலைகளைத் தொடுவெட்டிச் சந்தைக்கு அனுப்பி முடித்த ஒரு பிற்பகலில் அந்தப் பெட்டியை ஒழிக்க உட்கார்ந்தேன். பாதிக் குப்பிகளில் லேபிள் உரிந்து போயிருந்தது. மீதியில் எழுத்து மங்கியிருந்தாலும், சதுரத்தை முனையில் நிறுத்தியது போன்ற அந்த அடையாளமும் அதன் கீழ்ப்பாதியில் இருந்த நிறமும் மட்டும் அழியாமல் இருந்தன. இரண்டு சிவப்பு, ஐந்தாறு மஞ்சள், ஒரு நீலம்.

வேதியியல் படித்தவன் என்பதால் அந்த நிறங்களுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் எலிகளுக்கு ஒரு வேதிப்பொருளை வாய்வழியாகக் கொடுத்து, அவற்றில் சரிபாதி சாகும் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த எண் 50 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கும் மேலே போனால் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு இது. அந்த அளவில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த நிறம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. வாய்வழியாகவோ தோல்வழியாகவோ ஒரே தடவையில் உள்ளே போனால் எவ்வளவு குறைந்த அளவில் உயிர் போகும் என்பதே அந்தக் கேள்வி. இருபது வருடம் தோளில் தெளிப்பானைச் சுமந்தவரின் நரம்புக்கு என்ன ஆகும், கருவில் இருக்கும் பிள்ளையின் மூளைக்கு என்ன ஆகும் என்று எலி சாகும் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பெட்டியில் இருந்த மஞ்சள் குப்பிகளில் மூன்று, குளோர்பைரிபாஸ். தண்டில் துளை போடும் கூன் வண்டுக்கு எங்கள் பக்கத்தில் பல வருடங்களாகக் கைக்கு வந்தது அதுதான். உரக்கடை அண்ணாச்சியிடம் போய் "வண்டு விழுந்திருக்கு" என்று சொன்னால் போதும், பெயரைச் சொல்லாமலேயே அது வரும். இந்த ஒரு பொருளின் கதையை வைத்தே, அரசுகள் அறிவியல் சான்றை எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதில் பாதியைச் சொல்லிவிடலாம்.

பாஸ்பரஸைக் கொண்ட இந்த வகை மருந்துகள், நரம்பின் முனையிலிருந்து செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை அணைத்துவைக்கும் ஒரு நொதியை முடக்குகின்றன. அணைக்க ஆளில்லாமல் நரம்பு அடித்துக்கொண்டே இருக்கும். பூச்சி சாவதும் அப்படித்தான், மனிதருக்கு வியர்த்துக் கொட்டி, வாயில் நீர் ஊறி, கண்மணி கடுகளவாகச் சுருங்குவதும் அப்படித்தான். ஆகவே, இந்த நொதி எந்த அளவில் குறையத் தொடங்குகிறது என்பதைத்தான் ஒழுங்குமுறையாளர்கள் முதலில் அளந்தார்கள். உணவு வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் சேர்ந்து கூட்டும் வல்லுநர் குழு 1999இல் பார்த்தபோது, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் வரை விலங்குகளின் மூளையில் அந்த நொதி பாதிக்கப்படவில்லை என்று கண்டது. அந்த 1ஐ நூறால் வகுத்தார்கள். விலங்கைவிட மனிதன் பத்து மடங்கு மென்மையானவனாக இருக்கலாம் என்று ஒரு பத்து, மனிதருக்குள்ளேயே குழந்தையும் நோயாளியும் இன்னொரு பத்து மடங்கு மென்மையானவராக இருக்கலாம் என்று மற்றொரு பத்து. கிடைத்தது 0.01 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவர் வாழ்நாள் முழுக்க நாள்தோறும் 0.6 மில்லிகிராம் வரை உட்கொண்டாலும் கேடில்லை என்பது அதன் பொருள்.

நூறால் வகுப்பது இயற்கை விதி அல்ல. 1950களில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் இருந்தவர்கள், தெரியாத விஷயத்துக்கு ஓர் இடம் விட்டுவைப்போம் என்று எடுத்த முடிவு அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அறியாமைக்கு ஓர் எண் கொடுத்து அதை எல்லோரும் பார்க்கும்படி வைத்தது நேர்மையான காரியம். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. வகுக்கப்படும் எண், நொதியின் அளவைக் கொண்டு வந்த எண். நொதி குறையாத அளவிலேயே வேறு ஏதாவது கெட்டால், நூறால் வகுத்தாலும் ஆயிரத்தால் வகுத்தாலும் அது கண்ணில் படாது.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், கர்ப்பிணிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, பிரசவத்தின்போது தொப்புள்கொடி இரத்தத்தில் இருந்த குளோர்பைரிபாஸின் அளவையும் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபோது அவர்களுடைய அறிவுத்திறனையும் ஒப்பிட்டார்கள். இரத்தத்தில் மருந்து கூடுதலாக இருந்த பிள்ளைகள் ஏழு வயதில் சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள் என்று 2011இல் அவர்கள் எழுதினார்கள். இது எலி ஆய்வல்ல, மனிதரிடம் பார்த்தது. அதே காரணத்தால் சண்டையும் பெரிதானது. ஆய்வகத்தில் மற்ற எல்லாவற்றையும் சமமாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றலாம். நகரத்தில் வாழும் தாய்மாரிடம் வறுமையும் புகையும் உணவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பங்கேற்றவர்களின் அந்தரங்கத்தைக் காட்டி மூலத் தரவுகளைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் தயங்கியதும், தரவைப் பார்க்காமல் எப்படி நம்புவது என்று மறுதரப்பு கேட்டதும் தனிக் கதை.

அதன் பிறகு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை என்ன செய்தது என்று பாருங்கள். 2015இல், உணவுப் பயிர்களில் இந்த மருந்துக்கான அனுமதியை விலக்க முன்மொழிந்தது. 2017இல் ஆட்சி மாறியதும், விலக்க மாட்டோம் என்றது. 2021இல், நீதிமன்றம் நெருக்கிய பிறகு, விலக்கியது. 2023இல் வேறொரு நீதிமன்றம் அந்த விலக்கலையே ரத்து செய்தது. இந்த எட்டு வருடத்தில் அறிவியல் நான்கு முறை தலைகீழாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ, பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்லவே முடியவில்லை என்று அதன் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் சொன்னதை ஏற்று, 2020 ஜனவரியில் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டது. அங்கே, கேடில்லை என்று காட்டும் பொறுப்பு விற்பவருக்கு. மற்ற பல இடங்களில், கேடு என்று காட்டும் பொறுப்பு கேட்டுக்கு ஆளானவருக்கு. ஒரே ஆய்வுக்கட்டுரை ஓரிடத்தில் போதும் என்றும் இன்னோரிடத்தில் போதாது என்றும் ஆவதற்கு, என் கணிப்பில், இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. 2025இல், எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருட்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் இதைச் சில விலக்குகளோடு ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தன.

இந்தியாவில் இந்தப் பொறுப்பு யாருடையது என்பதற்கு விடை 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் பிறந்த கதை நம் பக்கத்துக் கதை. 1958இல், அதாவது குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியாத நேரத்தில், கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தோடு ஒன்றாக ஏற்றி வரப்பட்ட கோதுமை மாவு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. விசாரிக்க நீதிபதி ஷா தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் பிறகு வந்த குழுக்களின் பரிந்துரைகள் பத்து வருடம் கழித்துச் சட்டமாயின. அந்தச் சட்டப்படி, நிறுவனம் தானே ஆய்வுகளைச் செய்து ஆவணம் கொடுத்துப் பதிவு பெற வேண்டும். பதிவுக்குழு அதைப் பார்த்து அனுமதிக்கும். நுழையும்போது பொறுப்பு விற்பவருக்குத்தான். நுழைந்துவிட்ட பிறகு அதை வெளியே அனுப்புவதற்கான சான்றை யார் கொண்டுவர வேண்டும் என்பதில்தான் எல்லாம் மங்கலாகிவிடுகிறது.

2013இல் அனுபம் வர்மா தலைமையில் ஒரு குழு அமைத்து, பிற நாடுகளில் தடை செய்யப்பட்டு இங்கே புழங்கும் 66 மருந்துகளைப் பார்க்கச் சொன்னார்கள். 2018இல் அவற்றில் 18 மருந்துகளுக்குத் தடை ஆணை வந்தது. அவற்றில் ஆறுக்கு 2020 இறுதி வரை கெடு கொடுத்தார்கள். 2020 மே மாதம், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட 27 மருந்துகளைத் தடை செய்ய ஒரு வரைவு ஆணை வந்தது. ஆட்சேபங்கள் வந்தன, மேலும் குழுக்கள் வந்தன, 2023இல் இறுதி ஆணை வந்தபோது முற்றிலும் விலக்கப்பட்டவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியிருந்தன. குளோர்பைரிபாஸ் அவற்றில் இல்லை.

எங்கள் ஊரிலிருந்து களியக்காவிளை தாண்டினால் கேரளம். அந்தப் பக்கத்தில் 2011லேயே பியூரடான், திமெட் முதலிய குருணை மருந்துகள் உள்ளிட்டுப் பலவற்றை விற்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. வாழைக் குழியிலும் இலைக் கக்கத்திலும் இந்தக் குருணையைப் போடுவது இரு பக்கத்துக்கும் பழக்கம். மண் ஒன்று, ஏத்தன் ஒன்று, வண்டும் ஒன்று. அங்கே கடையில் கிடைக்காதது இங்கே கிடைத்தது, அந்தப் பக்கத்துக்காரர்கள் வாங்கிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். திமெட் என்று நாம் சொல்லும் போரேட்டுக்கு நாடு முழுக்கத் தடை வந்தது 2020இன் கடைசி நாளில். நடுவே ஒன்பது வருடம். பதிவைக் கொடுப்பதும் நிரந்தரமாக நீக்குவதும் மத்திய அரசின் கையில் இருப்பதால், மாநிலங்கள் விற்பனை உரிமம் என்ற சிறிய இடத்துக்குள்தான் அசைய முடிகிறது. சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி மாநில அரசு அவசரமாக ஒரு மருந்தை நிறுத்தலாம், ஆனால் 60 நாளுக்கு மட்டும். மேலும் 30 நாள் நீட்டலாம். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு அரசு குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளை அப்படி 60 நாள் நிறுத்தியது. உரக்கடை அண்ணாச்சி அந்தப் பெட்டிகளை உள்ளறையில் வைத்துவிட்டு நாட்காட்டியில் வட்டம் போட்டார் என்பதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அறுபத்தோராம் நாள் அவை திரும்ப வெளியே வந்தன.

கேரளம் முந்திக்கொண்டதற்குக் காரணம் காசர்கோடு. அங்கே முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு எனப்படும் பூச்சியைக் கொல்ல 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். பிள்ளைகள் குறைகளோடு பிறக்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முதலில் சொன்னார்கள். தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் போய்ப் பார்த்து, தெளிப்புக்கும் நோய்களுக்கும் தொடர்பு தெரிகிறது என்றது. பின்னர் வந்த மத்தியக் குழுக்கள், தொடர்பு நிறுவப்படவில்லை என்றன. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் அது சேர்க்கப்பட்டது, மே 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடுத்தது, 2017இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தொடர்பு நிறுவப்படவில்லை என்ற சொல்லை நான் பல அறிக்கைகளில் படித்திருக்கிறேன். தேடிப் பார்த்தும் இல்லை என்பதற்கும், தேடுவதற்கான கணக்கே எடுக்கப்படவில்லை என்பதற்கும் அந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தடை கேட்பவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று நினைப்பவன் அல்ல நான். கிளைபோசேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் விளைகளில் காட்டை அடக்க ஆள் கிடைக்காததால் இந்தக் களைக்கொல்லி வந்தது. 2015 மார்ச்சில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்தியது. அதே வருடம் நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு என்றது. ஒருவர் பொய் சொல்கிறார் என்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் முடிவு கட்டினார்கள். முகமை கேட்டது, இந்தப் பொருளுக்கு அந்தத் தன்மை உண்டா என்று. அதுவும் வெளியான ஆய்வுகளை மட்டும் வைத்து. ஆணையம் நிறுவனங்கள் கொடுத்த வெளிவராத ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, நடைமுறையில் மனிதர் மீது படும் அளவையும் எடைபோட்டது. முட்டம் கடல் ஆளை இழுக்கும் என்பது ஒன்று, திண்டில் நின்று பார்ப்பவரை இழுக்குமா என்பது வேறொன்று. நம் மத்திய அரசு 2022 அக்டோபரில், பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று ஆணையிட்டது. எங்கள் பக்கத்து ரப்பர் விளையில் அப்படி உரிமம் வைத்த ஒருவரை இன்றுவரை நான் சந்தித்ததில்லை.

அளவு முக்கியம் என்பதற்கு மீனைவிட நல்ல உதாரணம் எங்களுக்கு இல்லை. 2018 ஜூனில் கேரளத்தில், மீன் கெடாமலிருக்கக் கலக்கும் பார்மால்டிகைடு கரைசலான பார்மலின் பிடிபட்டபோது, எங்கள் பக்கத்துக் குளச்சலிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் போன வண்டிகள் எல்லாம் சந்தேகத்துக்குள்ளாயின. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய தாள்பட்டை, மீன்மேல் தேய்த்துச் சில நிமிடத்தில் நிறம் பார்க்கும் எளிய சோதனை. ஆனால் சில மீன்களில், இறந்த பிறகு உடலிலேயே பார்மால்டிகைடு உண்டாகிறது. தும்பிலி அப்படிப்பட்ட இனம். ஆகவே இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி போதாமல் போய், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் இரண்டு வரம்புகளை வைத்தது: பொதுவான மீன்களுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம், இயற்கையாகவே கூடுதலாக உண்டாகும் இனங்களுக்கு 100 மில்லிகிராம். அரசு சான்றைக் கொண்டு செய்த வேலைகளில் இது ஒழுங்கானது என்று சொல்வேன்.

மீனுக்கும் வாழைக்கும் வைக்கும் வரம்புகளில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்ற கணக்கு, தின்பவருக்கானது. தெளிப்பவர் கையில் மில்லிகிராமில் எந்த வரம்பும் கிடைப்பதில்லை. கையுறை, முகமூடி, நீண்ட காலணி அணிந்து, காற்றின் போக்கில் தெளிக்கவும் என்று எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் பல மொழிகளில் மடித்து வைத்த ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளில் சொன்னபடி பயன்படுத்தினால் ஆபத்து இல்லை என்பதை வைத்துத்தான் பதிவே கொடுக்கப்படுகிறது. எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில், சாரல் விட்ட இடைவெளியில், கைலியை மடித்துக் கட்டி வெறும் காலோடு வரப்பில் நடப்பவரை அந்தக் கணக்குக்குத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி நடந்தவர், எங்கள் விளையில் என் சிறு வயதிலிருந்து வேலை பார்க்கும் மாமா. தெளிப்பானின் மூடி சரியாக இறுகாமல் முதுகில் ஒழுகியிருக்கிறது. பாதி விளை முடியும்வரை அவர் சட்டையைக் கழற்றவில்லை. மதியம் வியர்த்து ஒழுகி, வாந்தி எடுத்து, கண்ணில் மூட்டம் என்றார். ஆட்டோவில் ஏற்றும்போது அவருடைய கண்மணியைப் பார்த்தேன், கடுகுதான். ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மருந்து அடிக்கத்தான போனேன் பிள்ளே, குடிக்கவா போனேன்? பேரைச் சொன்னா கேஸாக்கிருவானுவ. நாலாளு நாலு விதமாப் பேசும்." உள்ளே, வெயிலில் நின்றார் என்று அவர் மகன் சொன்னான். நான் மருத்துவரைத் தனியே பார்த்து உண்மையைச் சொன்னேன், அட்ரோபின் போட்டார்கள், பிழைத்தார். ஓ.பி. சீட்டில் மட்டும், வாந்தி, தலைசுற்றல், வெயில் என்று முதலில் எழுதியது எழுதியபடி இருந்தது. அதைத் திருத்தச் சொல்லி நானும் கேட்கவில்லை. பெரிய குற்றமாக யாரையும் சொல்லமாட்டேன். விஷம் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான் இருக்கிறது, அதற்கு எல்லோரும் பயப்படுகிறோம். ஆனால் தில்லியில் அடுத்த குழு உட்கார்ந்து, இந்த மருந்தால் தெளிப்பவர்களுக்கு ஏற்பட்ட பாதிப்புக்குக் களத் தரவு போதவில்லை என்று எழுதும்போது, அந்தப் போதாத தரவில் ஒன்று என் சட்டைப்பையில் மடிந்து கிடந்தது.

பெட்டியை ஒழித்த அன்று, குப்பிகளைத் தோட்டக்கலை அலுவலர் சொன்னபடி மூட்டையில் கட்டி ஒதுக்கி வைத்தேன். லேபிள் முழுதாக இருந்தவற்றை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அது உதவியது. போன ஆடியில் பக்கத்து விளையில் ஒரு பையனுக்கு அதே போல் ஆனபோது, அவனுடைய அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய் அந்தப் படத்தை மருத்துவரிடம் நீட்டி, வேலையில் பட்டது என்று சீட்டில் எழுதச் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து எழுதினார். காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. மறுநாள் காலை ஒரு காவலர் வந்து திண்ணையில் உட்கார்ந்து, அடிக்கப் போனதா குடிச்சதா என்று கேட்டார். அடிக்கப் போனதுதான் என்று அந்தப் பையனின் அம்மா சொன்னார், தெளிப்பானையும் எடுத்து வந்து காட்டினார். காவலர் அதன் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு, வாசர் போயிருக்கு, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.